மார்ட்டின் டொனலி மட்டையைக் கீழே வைத்தது ஏன்?

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். களத்தை விட்டு வணிகத்துக்குச் சென்ற பல்கலைக்கழக விளையாட்டு வீரர்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். நியூசிலாந்தின் கிரிக்கெட் வீரர் மார்ட்டின் டொனலியைத் தமிழில் ஒருவர் நினைவுபடுத்தி எழுதுவதே அரிது என்பதால் முதலில் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். ஆனால் அக்கட்டுரை அவரைப் பற்றி இரண்டு தீர்ப்புகளை வழங்கியிருக்கிறது. செயற்கைப் பட்டு நூல் விற்கும் ஒரு கம்பெனியின் சம்பளத்துக்காக அவர் தம் திறமையை வீணடித்துவிட்டார் என்பது ஒன்று. ஆட்டக்களம் கற்றுத் தந்த பாடங்களே அவரை வணிகத்தில் உயர்த்தின என்பது, பக்கத்திலேயே கட்டம் கட்டி வெளியிட்டிருந்த மற்றொன்று. இவை இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வது ஒருபுறம் இருக்க, அவர் வாழ்ந்த காலத்தில் விளையாட்டு ஒருவருக்கு என்ன தந்தது, என்ன தரவில்லை என்ற கணக்கைப் பாராமலே இரண்டும் எழுதப்பட்டிருக்கின்றன. அந்தக் கணக்கைச் சற்று விரிவாக எடுத்துவைக்க அனுமதி வேண்டுகிறேன்.

டொனலி 1917ஆம் ஆண்டு அக்டோபர் 17 அன்று நியூசிலாந்தின் வடத்தீவில் ஙாருவாஹியா என்னும் சிற்றூரில் பிறந்தவர். இரட்டையரில் ஒருவர், உடன் பிறந்த மோரிஸ், மறு ஆண்டு உலகையே உலுக்கிய ஸ்பானிஷ் காய்ச்சலில் கைக்குழந்தையாகவே இறந்துபோனார். டரானாகி வட்டாரத்தில் வளர்ந்து, நியூ பிளைமவுத் ஆண்கள் உயர்நிலைப் பள்ளியில் படித்த அந்த இளைஞர், 1937ல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய நியூசிலாந்து அணியில் இடம் பெற்றபோது அவருக்கு வயது 19. லார்ட்ஸ் மைதானத்தில் ஆடிய தம் முதல் டெஸ்ட் இன்னிங்ஸில் அவர் ஒரு ரன்கூட எடுக்காமல் வெளியேறினார். அத்தொடரின் கடைசிப் போட்டியில், ஓவலில், 58 ரன் எடுத்தார். ஊர் திரும்பியபின் கிறைஸ்ட்சர்ச்சில் இருந்த கான்டர்பரி பல்கலைக்கழகக் கல்லூரியில் சேர்ந்து, கோடையில் கிரிக்கெட்டும் குளிர்காலத்தில் ரக்பியுமாக ஆடிக்கொண்டிருந்தார்.

அடுத்து வந்தது போர். நியூசிலாந்துப் படையில் சேர்ந்து, வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் பணியாற்றி, மேஜர் பதவி வரை உயர்ந்தார். ஒரு மட்டையாளர் முதிர்ந்து உருவெடுக்கும் ஆண்டுகள் என்று எவரும் ஒப்புக்கொள்ளும் 22 வயது முதல் 27 வயது வரையிலான காலம் முழுவதும் போரிலேயே கழிந்தது. அவருடைய திறமையை எது விழுங்கியது என்று கேட்கப் புகுந்தால், முதலில் சுட்டவேண்டியது போரைத்தான். கட்டுரையாளர் அதை ஒரே வரியில் கடந்துவிட்டு, 1950ஆம் ஆண்டுக்குத் தாவி, வணிகத்தின் மேல் பழியைப் போட்டிருக்கிறார்.

போர் ஓய்ந்த சில நாள்களிலேயே, 1945 ஆகஸ்ட் இறுதியில், லார்ட்ஸில் இங்கிலாந்துக்கும், ‘டொமினியன்’ எனப்பட்ட பிரிட்டிஷ் பேரரசின் தன்னாட்சி நாடுகளின் அணிக்கும் நடந்த கிரிக்கெட் போட்டியை அறிந்தவர்கள் அதை இன்றும் சிலாகிப்பார்கள். வாலி ஹேமண்ட் இரு இன்னிங்ஸிலும் சதம் அடித்தார். கீத் மில்லர் 185 ரன் எடுத்தார். டொனலி 133 ரன் எடுத்தார். டொமினியன் அணிக்குத் தலைமை தாங்கியவர் மேற்கிந்தியத் தீவுகளின் லியரி கான்ஸ்டன்டைன் என்பதும், 45 ரன் வித்தியாசத்தில் அந்த அணி வென்றது என்பதும் தனியே எழுதத்தக்க செய்திகள். நமக்கு வேண்டியது, படைவீரராக வந்த டொனலி அதே ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டின் உஸ்டர் கல்லூரியில் மாணவராகச் சேர்ந்தார் என்பது. அப்போது அவருக்கு 28 வயது. பள்ளியிலிருந்து நேரே வந்த பதினெட்டு வயதுப் பையன்களோடு ஒரே வகுப்பில் அமர்ந்த முன்னாள் ராணுவ அதிகாரிகளுள் அவரும் ஒருவர்.

ஆக்ஸ்ஃபோர்டில் அவர் செய்தவற்றைக் கட்டுரை சரியாகவே சொல்கிறது. சிலவற்றை மட்டும் சேர்க்கிறேன். கேம்பிரிட்ஜுக்கு எதிராக ஆண்டுதோறும் நடக்கும் போட்டியில் பல்கலைக்கழகத்துக்காகக் களம் இறங்குபவருக்கே ‘புளூ’ என்னும் மரியாதை கிடைக்கும். அதைக் கிரிக்கெட்டிலும் ரக்பியிலும் அவர் பெற்றார். 1946ல் லார்ட்ஸில் நடந்த பல்கலைக்கழகப் போட்டியில் 142 ரன்; மறு ஆண்டு அணித்தலைவர் பொறுப்பு; அதே 1947ல், அதே லார்ட்ஸில், ஊதியம் பெறாமல் ஆடும் அமெச்சூர்களின் ‘ஜென்டில்மென்’ அணிக்காக, தொழில்முறை ஆட்டக்காரர்களின் ‘பிளேயர்ஸ்’ அணிக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 162 ரன். அதற்கு அடுத்த ஆண்டு வெளிவந்த விஸ்டன் என்னும் கிரிக்கெட் ஆண்டுமலர் அவரை அவ்வாண்டின் ஐந்து சிறந்த வீரர்களுள் ஒருவராகத் தேர்ந்தெடுத்தது.

இங்கே கட்டுரையில் நேர்ந்த ஒரு பிழையையும் திருத்திவிடுகிறேன். ‘கிரிக்கெட்டிலும் ரக்பியிலும் இங்கிலாந்துக்காக ஆடியவர்’ என்று அதில் வந்திருக்கிறது. டொனலி கிரிக்கெட்டில் நியூசிலாந்துக்காக மட்டுமே டெஸ்ட் ஆடினார். இங்கிலாந்துக்காக ஆடியது ரக்பியில், அதுவும் ஒரே ஒருமுறை: 1947ல் டப்ளினின் லான்ஸ்டவுன் ரோடு மைதானத்தில் அயர்லாந்துக்கு எதிராக. அன்று அயர்லாந்து 22-0 என்ற கணக்கில் இங்கிலாந்தைத் துவைத்து எடுத்தது. டொனலியை மீண்டும் தேர்வாளர்கள் அழைக்கவில்லை. ஒரு நாட்டுக்கு ஒரு விளையாட்டிலும் மற்றொரு நாட்டுக்கு வேறொரு விளையாட்டிலும் ஒருவர் ஆடமுடிந்தது இன்றைய வாசகருக்கு வியப்பாக இருக்கலாம். அன்று விதிகள் அந்த அளவுக்குத் தளர்வாக இருந்தன.

இனி வேலைக்கு வருகிறேன். பட்டப்படிப்பை முடித்த டொனலி, கோர்ட்டால்ட்ஸ் என்ற ஜவுளி நிறுவனத்தில் சேர்ந்தார். ‘ஏதோ ஒரு நூல் கம்பெனி’ என்று கட்டுரையாளர் குறிப்பிட்டது, அந்நிறுவனத்தின் அளவை அறியாமல் எழுதியது. பட்டு நெசவில் தொடங்கி, 1904ல் விஸ்கோஸ் முறையில் நூல் தயாரிப்பதற்கான காப்புரிமையை வாங்கி, கவென்ட்ரியில் ஆலை நிறுவி, ரேயான் என்னும் செயற்கைப் பட்டில் உலகின் முன்னணிக்கு வந்த நிறுவனம் அது. அமெரிக்காவில் அது நடத்திவந்த மிகப்பெரிய கிளை நிறுவனத்தை, போர்ச் செலவுக்கு டாலர் திரட்டவேண்டியிருந்த பிரிட்டிஷ் அரசு, 1941 மார்ச் மாதத்தில் கட்டாயப்படுத்தி விற்கவைத்தது. அமெரிக்கச் சந்தை இவ்வாறு கைநழுவியபின், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளை நோக்கி அந்நிறுவனம் திரும்பியதும், அங்கே பழகிப் பேசி நடந்துகொள்ளக்கூடிய ஆள்கள் அதற்குத் தேவைப்பட்டதும் இயல்பே. நியூசிலாந்தில் பிறந்து, ராணுவத்தில் அதிகாரியாக இருந்து, ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, முப்பது வயதில் வேலை தேடி வந்த ஒருவரை எந்த நிறுவனம்தான் விட்டுவிடும்?

கவென்ட்ரி அன்று வார்விக்ஷயர் மாவட்டத்தில் இருந்தது. ஆகவே விடுப்புக் கிடைத்தபோதெல்லாம் 1948 முதல் 1950 வரை வார்விக்ஷயர் அணிக்காக அவர் ஆடினார். அவர் இந்த வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் கிரிக்கெட் காரணமன்று, வேலைதான் காரணம் என்பதைக் கவனிக்கவேண்டும். அலுவலகம் எங்கே இருந்ததோ அங்கே அவருடைய கிரிக்கெட்டும் போனது.

அன்றைய நடைமுறையைச் சற்று விளக்காமல் இதன் நியாயம் புரியாது. இங்கிலாந்தில் 1962ஆம் ஆண்டு இறுதி வரை முதல்தரக் கிரிக்கெட் ஆடியவர்கள், ஊதியம் பெறும் தொழில்முறை ஆட்டக்காரர்கள் என்றும் ஊதியம் பெறாத அமெச்சூர்கள் என்றும் இரு சாதியாகப் பிரிந்து கிடந்தார்கள். பல மைதானங்களில் இருசாராருக்கும் உடைமாற்றும் அறைகள் வேறு. களத்துக்குள் வரும் வாயில்கள்கூட வேறு. ஆட்ட அட்டையில் அமெச்சூரின் பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்துகள் வரும்; தொழில்முறை ஆட்டக்காரருக்குப் பெயருக்குப் பின்னால் வரும். 1950ல் லார்ட்ஸில் ஃபிரெட் டிட்மஸ் என்ற இளம் தொழில்முறை வீரரின் தலைப்பெழுத்துகள் தவறி முன்னால் அச்சாகிவிட, அதைத் திருத்திப் படித்துக்கொள்ளுமாறு ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்துப் போட்டே பழகிய நமக்கு இது வேடிக்கையாகத் தோன்றும். அந்த மைதானத்தில் அது அந்தஸ்தைக் குறித்த விஷயம்.

டொனலி அமெச்சூர். களத்தில் எடுத்த ரன்னுக்கு அவர் சம்பளம் வாங்கியவர் அல்லர். நியூசிலாந்தில் ஊதியம் பெற்று முழுநேரமாக ஆடும் வாழ்க்கை என்று ஒன்று அறவே இருக்கவில்லை. 1949ல் இங்கிலாந்துக்குச் சென்ற நியூசிலாந்து அணியின் தலைவர் வால்டர் ஹேட்லி கணக்காளர். துணைத்தலைவர் மெர்வ் வாலஸ் ஆக்லாந்தில் விளையாட்டுப் பொருள் கடை வைத்திருந்தவர். வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, கப்பலில் வாரக்கணக்கில் பயணம் செய்து, ஒரு கோடை முழுவதும் ஆடிவிட்டுத் திரும்பவேண்டியவர்கள் அவர்கள். ரக்பியோ இன்னும் கடுமை: 1995 ஆகஸ்ட் வரை ரக்பி யூனியனில் ஆடியதற்குப் பணம் வாங்கினால் ஆட்டத்தை விட்டே விலக்கிவிடுவார்கள். ஆக, தம்மிடம் இருந்த இரண்டு திறமைகளில் எதைக் கொண்டும் டொனலி குடும்பம் நடத்தியிருக்க முடியாது. ‘சம்பளத்துக்காக விளையாட்டை விட்டார்’ என்று எழுதுபவர், சம்பளம் இல்லாமல் அவர் எப்படி வாழ்ந்திருக்கவேண்டும் என்பதையும் சொல்லியிருக்கவேண்டும்.

அந்தச் சம்பள வேலையில் இருந்துகொண்டேதான் 1949ன் கோடை முழுவதையும் அவர் நியூசிலாந்து அணிக்குக் கொடுத்தார் என்பதைக் கட்டுரை கவனிக்கத் தவறியது எனக்குப் பெரும் வருத்தம். நான்கு டெஸ்ட் போட்டிகள். ஒவ்வொன்றும் மூன்றே நாள். நான்குமே வெற்றி தோல்வியின்றி முடிந்தன. மூன்று நாளுக்குள் நியூசிலாந்தைச் சுருட்டிவிடலாம் என்று எண்ணியிருந்த இங்கிலாந்துக்கு அது பெரிய பாடம். டொனலியின் ஆறு இன்னிங்ஸ் இவை: லீட்ஸில் 64, லார்ட்ஸில் 206, மான்செஸ்டரில் 75, 80, ஓவலில் 27, 10. மொத்தம் 462 ரன், சராசரி 77.

லார்ட்ஸ் டெஸ்டைப் பற்றிச் சற்று நின்று சொல்லவேண்டும். இங்கிலாந்து அணித்தலைவர் ஜார்ஜ் மேன், முதல் நாள் மாலையிலேயே 313 ரன்னுக்கு 9 விக்கெட் என்ற நிலையில் இன்னிங்ஸை முடித்துக்கொள்வதாக அறிவித்தார். மற்றப் போட்டிகளில் முதல் நாளே அவ்வாறு அறிவிக்கச் சோதனை முறையில் அனுமதி இருந்தது. அந்த அனுமதி டெஸ்ட் போட்டிக்குப் பொருந்தாது என்பதை அவர் மறந்துவிட்டார், மற்றவர்களுக்கும் அந்நேரத்தில் நினைவு வரவில்லை. எதிரணி விரைவில் சுருண்டுவிடும் என்ற நினைப்பே அவசரத்துக்குக் காரணமாக இருந்திருக்கும். நியூசிலாந்து 484 ரன் எடுத்தது; அதில் 206 டொனலியுடையது. உயரம் குறைந்த, கட்டுமஸ்தான அந்த இடதுகை மட்டையாளர், பந்து வீசுபவரின் கையை விட்டுப் புறப்படும் கணத்திலேயே அதன் நீளத்தைக் கணித்துக் காலை நகர்த்திவிடுவார். வெட்டி ஆடுவதும் கவர் திசையில் விரட்டுவதும் அவருக்குச் சுவாசம் போல. நியூசிலாந்து வீரர் ஒருவர் டெஸ்ட் போட்டியில் அடித்த முதல் இரட்டைச் சதம் அதுவே. 1955 டிசம்பரில் டெல்லியில் பெர்ட் சட்கிளிஃப் ஆட்டமிழக்காமல் 230 ரன் எடுக்கும் வரை அந்நாட்டின் உச்சமாகவும் அதுவே நின்றது. 19 வயதில் ரன் எதுவும் எடுக்காமல் திரும்பிய அதே லார்ட்ஸ் மைதானத்தில், பல்கலைக்கழகப் போட்டி, ஜென்டில்மென் போட்டி, டெஸ்ட் போட்டி என மூன்றிலும் சதம் கண்ட பெருமை அவருக்கும், அவருக்கு முன் இங்கிலாந்தின் பெர்சி சாப்மனுக்கும் மட்டுமே உரியது.

அந்தச் சுற்றுப்பயணத்தின் முதல்தரப் போட்டிகளில் மொத்தம் 2,287 ரன் குவித்தார் டொனலி. அணியோ ஒரே ஒரு முதல்தரப் போட்டியில்தான் தோற்றது. அவர்களைத் தோற்கடித்தது, கிளைவ் வான் ரைனவெல்ட் தலைமையில் ஆடிய, டொனலியின் பழைய ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம்!

1950ல் கோர்ட்டால்ட்ஸ் அவரைச் சிட்னிக்கு மாற்றி, அங்கிருந்த தன் ஆஸ்திரேலிய நிறுவனத்தில் நிர்வாகப் பொறுப்பில் அமர்த்தியது. அவர் போனார், அதன்பின் டெஸ்ட் கிரிக்கெட் ஆடவில்லை. அப்போது அவருக்கு 32 வயது. கட்டுரையாளரின் ஆதங்கம் இந்த இடத்தில்தான் பொங்குகிறது. அந்த ஆதங்கம் எனக்கும் புரிகிறது. 7 டெஸ்ட், 582 ரன், 52.90 சராசரி என்ற வரியைப் பார்க்கும் எந்த ரசிகருக்கும் வயிறு எரியத்தான் செய்யும். அந்த ஏழு டெஸ்டும் இங்கிலாந்து மண்ணில் ஆடியவை. சொந்த நாட்டு மக்கள் முன்னிலையில் ஒரு டெஸ்டும் அவர் ஆடவில்லை. ஆனால் அவர் வேலையை உதறிவிட்டு இருந்திருந்தால் எத்தனை டெஸ்ட் கிடைத்திருக்கும்? 1951ல் இங்கிலாந்துக்கு எதிராக இரண்டு, 1952ல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக இரண்டு, 1953ல் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக இரண்டு. அத்துடன் அவ்வாண்டு இறுதியில் தொடங்கிய தென்னாப்பிரிக்கச் சுற்றுப்பயணம் ஒன்று. ஆண்டுக்கு இரண்டு போட்டிக்காக ஒரு மனிதர் தம் பிழைப்பை எப்படி அமைத்துக்கொள்வார்? சிட்னியில் குடியிருந்தவருக்கு ஆஸ்திரேலிய அணியாவது அண்டை வீட்டில் இருக்கிறதே என்று கேட்கலாம். 1946 மார்ச்சில் வெலிங்டனில் ஒரு டெஸ்ட் ஆடி, நியூசிலாந்தை 42 ரன்னுக்கும் 54 ரன்னுக்கும் சுருட்டிய ஆஸ்திரேலியா, அதன்பின் 1973 டிசம்பர் வரை அந்நாட்டோடு ஒரு டெஸ்டும் ஆட முன்வரவில்லை.

நட்டம் நியூசிலாந்து அணிக்குத்தான். 1955 மார்ச்சில் ஆக்லாந்தில் இங்கிலாந்துக்கு எதிராக 26 ரன்னுக்கு அது ஆட்டமிழந்தது. டெஸ்ட் வரலாற்றின் மிகக் குறைந்த இன்னிங்ஸ் எண்ணிக்கை இன்றும் அதுதான். முதல் டெஸ்ட் வெற்றியை ருசிக்க, 1956 மார்ச் வரை, 26 ஆண்டுகள் காத்திருக்கவேண்டியிருந்தது. டொனலி இருந்திருந்தால் இந்தக் கதை கொஞ்சமேனும் மாறியிருக்கும் என்று நானும் நம்புகிறேன். ஆனால் தன் சிறந்த ஆட்டக்காரருக்குச் சோறு போட வழியில்லாத ஒரு விளையாட்டின் குறையை, வேலைக்குப் போன ஆட்டக்காரரின் குற்றமாக எழுதுவது முறையன்று.

இனி கட்டம் கட்டிய அந்தக் குறிப்பு. களத்தில் கற்ற தலைமைப் பண்பும், அழுத்தத்தைத் தாங்கும் மனமும், குழு உணர்வுமே டொனலியை வணிகத்தில் நிலைநிறுத்தின என்கிறது அது. இவ்வகைக் குறிப்புகள் இப்போது எல்லாப் பத்திரிகைகளிலும் வருகின்றன. ஓய்வு பெற்ற வீரரை மேடையேற்றி, விற்பனைப் பிரதிநிதிகளுக்கு உற்சாகமூட்டும் கூட்டங்களிலும் இதே பல்லவிதான். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. கவர் திசையில் பந்தை விரட்டும் முடிவை மட்டையாளர் அரை நொடிக்குள், தனியாக, வேறு எவரையும் கேட்காமல் எடுக்கிறார். விளைவும் அடுத்த நொடியிலேயே தெரிந்துவிடுகிறது. ஒரு நெசவாலைக்கு ரேயான் நூல் விற்பவரோ, விலை, கடன் தவணை, கப்பல் வரும் நாள், சாயம் ஒட்டும் தரம், அரசின் இறக்குமதித் தீர்வை என்று பலவற்றை மாதக்கணக்கில் பலரோடு பேசி முடிவெடுக்கவேண்டும். அந்த முடிவு சரியா தவறா என்பது தெரிய ஆண்டுகள் ஆகலாம். முன்னதில் தேர்ந்தவர் பின்னதிலும் தேறுவார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அணித்தலைவராக வெற்றி கண்டபின் கடை திறந்து, இருந்ததையும் தொலைத்த வீரர்கள் எத்தனையோ பேர். அவர்களைப் பற்றிக் கட்டம் கட்டி எவரும் எழுதுவதில்லை.

விளையாட்டு டொனலிக்குத் தந்தது வேறொன்று: கதவு திறந்தது. அவருடைய பெயரைக் கேட்டதும் எதிரில் இருப்பவர் எழுந்து கைகொடுப்பார். ஆக்ஸ்ஃபோர்டு அணித்தலைவராக இருந்தவர் என்றால் இங்கிலாந்து நிறுவனத்தின் இயக்குநர் குழுவுக்கு அறிமுகமே தேவைப்படாது. இது சிறிய விஷயம் அல்ல. ஆனால் இதைப் பண்பு என்றும் பாடம் என்றும் பூசி மெழுகவும் கூடாது. இந்தக் கதவு எல்லோருக்கும் திறக்கவும் இல்லை. அதே 1947ல் ஜென்டில்மென் அணிக்கு எதிராகப் பந்து வீசிய தொழில்முறை ஆட்டக்காரர், டொனலியைப் போலவே அழுத்தத்தைத் தாங்கியவர்தான், குழுவாக ஆடியவர்தான். அவருக்குக் கோர்ட்டால்ட்ஸின் நிர்வாகப் பதவி காத்திருக்கவில்லை. வயதானபின் நடுவராகவோ, பள்ளிப் பயிற்சியாளராகவோ, மதுக்கடை நடத்துபவராகவோ போவதே அவர்களுள் பலருக்கு வாய்த்தது. ஆட்டம்தான் நிர்வாகத்தைக் கற்றுத் தருமென்றால், ஆண்டு முழுவதும் ஆடிய அவர்களல்லவா நிறுவனங்களை ஆண்டிருக்கவேண்டும்?

நிறுவனங்கள் ஆட்டக்காரருக்கு வேலை தந்த இந்த ஏற்பாடு சென்னைக்கும் புதியதன்று. கேம்பிரிட்ஜில் கிரிக்கெட் ‘புளூ’ பெற்றுவந்த சி. பி. ஜான்ஸ்டன், பர்மா ஷெல் எண்ணெய் நிறுவனத்தின் அதிகாரியாகச் சென்னையில் பணியாற்றியவர். 1934 நவம்பரில் சேப்பாக்கத்தில் நடந்த முதல் ரஞ்சிப் போட்டியில் சென்னை அணியின் தலைவர் அவரே. அவர் கண்டெடுத்த எம். ஜே. கோபாலனுக்கும் அதே நிறுவனத்தில் வேலை கிடைத்தது. கிரிக்கெட், ஹாக்கி இரண்டிலும் இந்தியாவுக்காக ஆடிய கோபாலன், 1936ல் பெர்லின் ஒலிம்பிக்கை விட்டுவிட்டு இங்கிலாந்துக்குக் கிரிக்கெட் ஆடப் போய், அங்கே ஒரு டெஸ்டிலும் இடம் கிடைக்காமல் திரும்பியதைத் தங்கள் மூத்த வாசகர்கள் அறிவார்கள். ஜான்ஸ்டன் நிர்வாகியாகவே வந்தார். கோபாலனை ஆட்டம் வேலைக்குள் கொண்டுவந்தது. ஒரே நிறுவனம், ஒரே களம். நுழைந்த வாயில்கள் மட்டும் வேறு.

பிற்காலத்து எடுத்துக்காட்டுகளாகக் கட்டுரை சொல்லும் இருவரைப் பற்றியும் ஒரு சொல். ஆக்ஸ்ஃபோர்டுக்காகக் கிரிக்கெட்டும் ரக்பியும் ஆடி, இங்கிலாந்து ரக்பி அணியின் நடுக்களத்தில் இடம் பெற்ற சைமன் ஹாலிடே, ஆடிய காலத்திலேயே லண்டன் நிதிச்சந்தையில் வேலை பார்த்தவர். கேம்பிரிட்ஜின் ராப் ஆண்ட்ரூ, பல்கலைக்கழகக் கிரிக்கெட் அணியின் தலைவராக இருந்து, இங்கிலாந்து ரக்பி அணிக்காக 71 முறை ஆடியவர். நிலம், கட்டடங்களை மதிப்பிடும் சர்வேயராகத் தகுதி பெற்று அத்தொழிலில் இருந்தவர். இவர்களை ‘விளையாட்டிலிருந்து வணிகத்துக்கு மாறியவர்கள்’ என்று எழுதுவதே பொருந்தாது. வார நாளில் அலுவலகம், மாலையில் பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம் என்று இரண்டும் ஒன்றாகவே நடந்தன. 1995ல் ரக்பியில் ஊதியம் அனுமதிக்கப்பட்டதும் ஆண்ட்ரூ எந்தப் பக்கம் போனார் என்று பாருங்கள்: நிலமதிப்பீட்டை விட்டுவிட்டு, நியூகாஸில் ரக்பி கழகத்தை நிர்வகிக்கப் போனார். பிற்பாடு 2017ல் சசெக்ஸ் கிரிக்கெட் கழகத்தின் தலைமை நிர்வாகியானார். பணம் வந்தவுடன் விளையாட்டே வணிகமாகி, வேலைக்குப் போனவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. டொனலி ஐம்பது ஆண்டு பிந்திப் பிறந்திருந்தால், சிட்னிக்கு அவர் போயிருக்கமாட்டார் என்பதே என் ஊகம். அதே சமயம், ஊதியமும் முழுநேரப் பயிற்சியும் வந்த உலகில் இரண்டு விளையாட்டை அவர் ஆடியிருக்கவும் முடியாது. பதினாறு பதினேழு வயதிலேயே ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருப்பார்கள். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் ஆட்டங்களுக்கு இருந்த முதல்தரத் தகுதியும் 2020ஆம் ஆண்டோடு போய்விட்டது.

டொனலி தம் எஞ்சிய வாழ்நாளைச் சிட்னியிலேயே கழித்து, 1999 அக்டோபர் 22 அன்று, 82 வயது நிறைந்த ஐந்தாம் நாள் காலமானார். முதல்தரக் கிரிக்கெட்டில் 131 போட்டிகளில் 9,250 ரன்னும் 23 சதமும் அவர் பெயரில் இருக்கின்றன. போருக்கும் படிப்புக்கும் வேலைக்கும் இடையே கிடைத்த கோடைகளில் சேர்த்தவை இவை என்பதை நினைத்துப் பார்த்தால், ‘வீணடித்தார்’ என்ற சொல்லை எழுத எனக்குக் கை வராது.

இங்கிலாந்து, நியூசிலாந்து குழப்பம் பற்றிய திருத்தத்தை மட்டுமாவது அடுத்த வார விளையாட்டுப் பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். வினாடி வினாப் போட்டிகளுக்குத் தயாராகும் மாணவர்கள் தங்கள் நாளிதழைக் கத்தரித்து ஒட்டி வைத்துக்கொள்கிறார்கள். தொடரின் அடுத்த பகுதியில் கிளைவ் வான் ரைனவெல்ட் இடம் பெறுவதாக அறிவித்திருக்கிறீர்கள். அவர் 1949ல் ரக்பி ஆடியது இங்கிலாந்துக்காக, கிரிக்கெட் அணிக்குத் தலைமை தாங்கியது தென்னாப்பிரிக்காவுக்காக. அவர் போன துறையும் வணிகம் அன்று, வழக்கறிஞர் தொழிலும் நாடாளுமன்றமும். அச்சுக்குப் போகுமுன் இவற்றைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்